முப்பது அடி ரோடு

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரீட் வேறு, ரோடு வேறு. இரண்டு பக்கமும் வீடுகள் வரிசையாக நின்றால் அது ஸ்ட்ரீட். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய் விட்டால் அது ரோடு. இருபத்தாறு வருடமாக அச்சகத்தில் புரூஃப் திருத்துகிறவன் நான். இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே செய்தேன் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பேச்சில் இந்த வித்தியாசமெல்லாம் யாருக்கும் கிடையாது. "ரோட்டுல ஓடாத", "ரோட்டைப் பாத்து வண்டிய எடு" என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது ரோடுதான். முனையில் இருக்கும் பலகையில் மட்டும்தான் ஸ்ட்ரீட். மகள் கல்யாணப் பத்திரிகையை எங்கள் அச்சகத்திலேயே அடித்தோம். சம்பந்தி வீட்டு முகவரி ரோடு என்று முடிந்தது. எங்களுடையது ஸ்ட்ரீட் என்று முடிந்தது. ஒரே அளவு எழுத்து, பக்கத்துப் பக்கத்தில். சம்பந்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டதுதான் என்னை இரண்டு வருடமாக அரித்தது.

சும்மா இருக்கத் தெரியாதவன் என்ன செய்வான்? நகராட்சிக்கு விண்ணப்பம் எழுதினேன். 'மக்கள் நாவில் ஏற்கெனவே ரோடாகத் திகழும் எங்கள் ஸ்ட்ரீட்டை ஏட்டிலும் ரோடாக்குக' என்று ஒரு வரி வைத்தேன். எதிர்வீட்டுப் பல் டாக்டர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "பிரமாதம் சார்" என்று முதல் கையெழுத்தைப் போட்டார். இருபத்திரண்டு வீட்டிலும் வாங்கிவிட்டேன். மிச்சம் என் வீடு.

என் வீடு என்பதும் பேச்சுக்குத்தான். பத்திரம் மனைவி பேரில், அவள் அப்பா கொடுத்தது. அவளிடம் விஷயத்தைச் சொன்னபோது யாருக்கோ தலைக்கு நிறம் பூசிக்கொண்டிருந்தாள். "ஸ்ட்ரீட்டா இருந்தா என்ன கெட்டுப்போச்சு? வேற வேலை இல்லையா உங்களுக்கு?" என்றாள். அவ்வளவுதான். கையெழுத்துக் கேட்க நான் வாயெடுக்கவில்லை. மறுநாள் அச்சகத்தில் உட்கார்ந்து அவள் கையெழுத்தை நானே போட்டு, விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து டேப்போடும் சிவப்பு பெயிண்டோடும் அளக்க வந்தார்கள். அன்றைக்குத்தான் விளங்கியது. நகராட்சியின் விதிப்புத்தகத்தில் ரோடு என்றால் முப்பது அடி அகலம். எங்களுடையது இருபத்துநாலு. எதிர்வரிசை வீடுகள் உள்ளே தள்ளிக் கட்டியவை. எங்கள் வரிசையில் மற்றவர்களுக்குப் படிக்கட்டும் பூந்தொட்டியும் போகும். முன்னால் துருத்திக்கொண்டு நிற்பது எங்கள் வீடு ஒன்றுதான். சிவப்புக் கோடு வாசலைத் தாண்டி, முன் அறைக்குள் புகுந்து, சுழல் நாற்காலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றது.

அந்த அறைதான் அவளுடைய பார்லர். ஒரு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, தலை கழுவ ஒரு பேசின். மகள் கல்யாணமாகிப் போன பிறகு, நாற்பத்தொன்பது வயதில், பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டு ஆரம்பித்தது. அதற்கு முன்னால் சாயங்காலங்களில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பார்லர் வந்த பிறகுதான் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பில் பாதி என்னைப் பற்றித்தான் என்பது வேறு விஷயம்.

கோட்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நம்ம வீட்டுக்கு யாரு கையெழுத்து போட்டது?"

"நான்தான். குடும்பத் தலைவர் போட்டா போதும்னாங்க."

"ஓ" என்றாள். அவள் பேரில் போட்டதை நான் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அவள் பேருக்கு நோட்டீஸ் வந்தது. அவள் கை முழுக்க ஷாம்பு நுரை. "என்னங்க, வாசிங்களேன்" என்றாள். வாசித்தேன். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. கையெழுத்திட்டவர்கள் நேரில் வந்து உறுதி செய்ய வேண்டும். வராவிட்டால் சம்மதமாகக் கொள்ளப்படும். இட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற முடியாது. அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. கையெழுத்து தன்னுடையதல்ல என்று உரிமையாளர் சொன்னால் விண்ணப்பம் ரத்து. பொய்க் கையெழுத்திட்டவர் மேல் போலீஸ் வழக்கு.

அந்த இரண்டு வரியை விட்டுவிட்டு, காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அச்சகத்தில் ஒரு வரி விட்டுப்போனால் எனக்கு என்ன அர்ச்சனை நடக்கும் தெரியுமா?

அப்புறம் ஒன்பது நாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். சொல்லிவிடலாம் என்று தினமும் பார்லர் வாசல்வரை போவேன். தெரிந்து அவள் அதிகாரிகளிடம் போய், 'அது என் கையெழுத்து இல்லை' என்று சொல்லிவிட்டால் அறை தப்பிக்கும். நான் மாட்டுவேன். மாட்டினால் வேலை போகும், சம்பந்தி காதுக்குப் போகும். "என்ன வேணும்?" என்று கண்ணாடி வழியாகக் கேட்பாள். "ஒண்ணுமில்ல, மணி என்ன?" என்பேன். என் கையிலேயே கடிகாரம் இருக்கும். பயந்தாங்கொள்ளி என்று என்னை நானே திட்டிக்கொண்டதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

செவ்வாய்க்கிழமை. நீளமான அறை, பச்சைத் துணி விரித்த மேசை. தெருவே உட்கார்ந்திருந்தது, அதுவும் சந்தோஷமாக. ரோடானால் வீட்டுக்கு மதிப்பு கூடும் என்று பல் டாக்டர் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நோட்டீஸை முதலிலிருந்து வாசித்தார். நான் விட்ட இரண்டு வரியையும் சேர்த்துத்தான் வாசித்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

வீட்டு எண் பதினேழு. எழுந்து போனாள். அதிகாரி விண்ணப்பத்தை அவள் பக்கம் திருப்பி விரல் வைத்தார். "இது உங்க கையெழுத்தாம்மா?"

அவள் கையெழுத்தில் கடைசி எழுத்து எப்போதும் வரியை விட்டுக் கீழே சரியும். முப்பது வருடமாக எனக்கு அது கண்ணை உறுத்தும். அன்றைக்கு அச்சகத்தில் உட்கார்ந்து போட்டபோது, என்னை அறியாமலே அதை நிமிர்த்திப் போட்டிருந்தேன். வேறு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவளால் முடியும். குனிந்து பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். "சார், அது வந்து..."

"உக்காருங்க" என்றாள், திரும்பாமல். பிறகு அதிகாரியிடம், "ஆமா சார், என்னுதுதான்."

"என்ன சார், உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"அவருக்கு எதுக்கெடுத்தாலும் பதட்டம் சார்" என்றாள் அவள். யாரோ சிரித்தார்கள். நான் வாய் திறந்திருக்கலாம். உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப பக்கத்துலயே இன்னொரு தடவை போடுங்கம்மா, ஒப்பிட்டுப் பாக்கணும்."

பேனாவை வாங்கினாள். நான் போட்டிருந்ததை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாக எழுதினாள். கடைசி எழுத்தை நிமிர்த்தி எழுதினாள். தன் கையெழுத்தை என் கையெழுத்தைப் பார்த்துப் போட்டாள். அதிகாரி இரண்டையும் பார்த்துவிட்டு டிக் அடித்தார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். கைப்பையிலிருந்து போனை எடுத்து, நாளைக்குப் பார்லருக்கு வருவதாக இருந்த இரண்டு பேரிடம் வரவேண்டாம் என்று சொன்னாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாம் நீ" என்றேன்.

பஸ் தூரத்தில் தெரிந்த பிறகுதான் பேசினாள்.

"என்னைக் கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"ம்."

"அது தெரிஞ்சுதான் கேக்கல. இல்ல?"

"ஆமா" என்றேன். பஸ் வந்து நின்றது. அவள் முன்வாசலில் ஏறினாள். அவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதில் உட்காரலாமா என்று அவளைக் கேட்கத் தைரியம் வராமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.