வெண்ணெயா, கல்லா

உடலை எடுக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. டயர்க்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே அண்ணன் அவரை மடக்கினார். ஒரு கையால் தோளைச் சுற்றி வளைத்து, மறு கையால் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பார்க்கிறவர்களுக்கு அது துக்கம் தாங்காமல் ஒருவர் மேல் ஒருவர் சாய்வதாகத்தான் தெரிந்திருக்கும்.

“நேத்து தம்பி உங்களுக்கு ஃபோன் பண்ணானில்ல?” என்றார் காதோடு காதாக.

“பண்ணார் அண்ணே. காலைல பத்தரை இருக்கும். சாயங்காலம் பாத்தா இப்படி ஒரு சேதி.” டயர்க்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடமிருந்து ஒரு தகவலை வாங்குவதில் உள்ள சிரமம், முதலில் அவர்கள் அழுது முடிக்க வேண்டும்.

அண்ணன் காத்திருந்தார். அவர் அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, கைக்குட்டையை நாலாக மடித்துப் பைக்குள் வைக்கிற வரை பொறுமையாகக் காத்திருந்தார். ‘எந்த டயரைக் கேட்டான்?’ என்று வாயெடுக்கிற நேரம் பார்த்து, தண்ணீர் பாட்டிலோடு மச்சான் வந்து நின்றான்.

“குடிங்க. வெயில்ல வந்திருக்கீங்க. உள்ள ஃபேனுக்குக் கீழ உங்களுக்குன்னு ஒரு சேர் போட்டு வெச்சிருக்கேன்.”

வந்த நாற்பது பேரில் வேறு யாருக்கும் தனியாக நாற்காலி போடவில்லை. மச்சானுக்கும் அதே கேள்விதான் நாக்கு நுனியில் நின்றது என்று அண்ணனுக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியும் என்பது மச்சானுக்கும் தெரியும். இருவரும் ஆளுக்கொரு பக்கம் டயர்க்காரரைத் தாங்கிப் பிடித்து, நடக்க முடியாதவரைப் போல உள்ளே கூட்டிப்போனார்கள். அவருக்கு மேலும் அழுகை வந்தது.

செத்துப்போனவன் அண்ணனுக்கு ஒரே தம்பி, லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் மனிதர்களை மேலும் கீழும் ஏற்றி இறக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வளைந்து வளைந்து போவான். ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட விமான ஓடுதளம் ஒன்று உண்டு. அதில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்து, ஒரு நேரத்தில் ஒரு காராக அவற்றுக்கு நடுவே ஓட்டி, யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். ஒரு ஓட்டம் ஐம்பது வினாடி. கூம்பைத் தட்டினால் இரண்டு வினாடி கூடும். ஒரு பல் டாக்டர், ஒரு கணக்கு வாத்தியார், இரண்டு தையல்கடைக்காரர்கள் என்று முப்பது பேர் இந்த ஐம்பது வினாடிக்காக வாரம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். பரிசு, ஒரு சாண் உயரப் பிளாஸ்டிக் கோப்பை. சங்கத் தலைவர் இதை ‘சர்வதேச மோட்டார் விளையாட்டு’ என்று சொல்லுவார். பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வந்து கலந்துகொண்டதிலிருந்து அப்படி.

சங்க விதிப்படி ஒரு காருக்கு இரண்டு ஓட்டுநர்கள்தான். தம்பியின் காரில் ஒன்பது வருடம் இரண்டாவது ஓட்டுநர் அண்ணன். தண்ணீர் வாரியத்தில் கண்காணிப்பாளர். இருபத்திரண்டு பேர் எழுந்து நின்று வணக்கம் சொல்லுகிற பதவி. ஓடுதளத்தில் அந்த வணக்கம் செல்லாது. அவர் ஓட்டுவதைப் பார்த்தால் பின் இருக்கையில் தயிர்ப்பானை இருக்கிறதோ என்று சந்தேகம் வரும். ஒன்பது வருடத்தில் ஒரு கூம்பைக்கூடத் தட்டியதில்லை. ஒரு கோப்பையையும் தொட்டதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தம்பி மனைவியின் அண்ணன், பேக்கரிக்காரன், சும்மா வேடிக்கை பார்க்க வந்தான். தம்பி அவனிடம் ‘மச்சான், ஒரு ரவுண்டு போய்ப் பாரேன்’ என்றான். போனான். நான்கு கூம்புகளைத் துவம்சம் செய்து, அந்த எட்டு வினாடித் தண்டனையையும் சேர்த்து, அண்ணனைவிட முக்கால் வினாடிதான் பின்னால் வந்தான். அன்றைக்கே சங்கம் முழுவதற்கும் அவன் மச்சானாகிவிட்டான். அடுத்த மாதம் தம்பி, “அண்ணே, உனக்கு முழங்கால் வலி வேற இருக்கில்ல” என்று ஆரம்பித்தான். அண்ணனுக்கு முழங்கால் வலி இருப்பது அதுவரை அண்ணனுக்கே தெரியாது. அன்றிலிருந்து, இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே சூடான டயர்களுக்குத் தண்ணீர் அடிக்கிற வேலை அவருக்கு. முதுகில் டப்பா, கையில் பீச்சுக்குழாய். அதை அவர் பொறுப்பாகத்தான் செய்தார். மச்சானின் முறை வரும்போது தண்ணீர் கொஞ்சம் குறைவாக அடித்தார், அவ்வளவுதான்.

தம்பி எட்டு மாதம் படுக்கையில் கிடந்தான். கார் ஷெட்டில் நின்றது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதனால் எல்லோரும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் தம்பியே பேச்செடுத்தான்: முதல் பந்தயத்துக்கு ஏழு வாரம்தான் இருக்கிறது, டயர் மாற்ற வேண்டும்.

சங்கத்தில் இரண்டு டயர்களுக்குத்தான் மதிப்பு. ஒன்றுக்கு வெண்ணெய் என்று பெயர், மற்றதற்குக் கல்லு. வெண்ணெய் மெத்தென்ற ரப்பர். முதல் வளைவிலேயே சூடேறித் தரையைக் கவ்விக்கொள்ளும். நிதானமாக ஓட்டுகிறவனுக்கு வரம். முரட்டுக் கையில் அகப்பட்டால் பாதி ஓட்டத்திலேயே உருகி, எண்ணெய் தடவின மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். கல்லு லேசில் சூடேறாது. உதைத்து ஓட்டுகிறவன் கையில்தான் பிடிக்கும், கடைசி வரை விடாது. தம்பி பத்து வருடமாகக் கல்லு. மச்சானும் கல்லு. அண்ணனுக்குக் கல்லைப் போட்டுக் கொடுத்தால், பந்தயம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில்தான் அது சூடேறும்.

ஆகவே வெண்ணெய் வந்தால் கார் அண்ணனுக்கு. கல்லு வந்தால் மச்சானுக்கு. யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கடைசி மூன்று வாரமும் தம்பியின் கட்டிலைச் சுற்றி நடந்த பேச்சு இதுதான்.

“இந்த வருஷம் தரை ரொம்பக் கரடா இருக்காம். கல்லுதான் தாங்கும்,” என்பான் மச்சான், தலையணையைச் சரிசெய்தபடி.

“ஏழு வாரம் கழிச்சுக் குளிரா இருக்கும். குளிருக்கு வெண்ணெய்தான்னு தலைவரே சொல்றார்,” என்பார் அண்ணன், மாத்திரையை எடுத்துக் கொடுத்தபடி. தலைவர் சொன்ன எதையும் அவர் அதற்குமுன் மேற்கோள் காட்டியதில்லை.

தம்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பான். “பாக்கலாம்” என்பான். நோயாளிக்கு இத்தனை பணிவிடை எந்த வீட்டிலும் நடந்திருக்காது.

நேற்றுக் காலை அவன் ஃபோனைக் கையில் எடுத்தபோது அண்ணன் அறையில்தான் இருந்தார். “நாலும் புதுசா வேணும்யா” என்றது வரை கேட்டது. அதற்குள் தம்பி ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, “அண்ணே, கொஞ்சம் வெந்நீர் வெச்சுக் கொண்டுவர்றியா?” என்றான். அண்ணன் உலகத்திலேயே வேகமாக வெந்நீர் வைத்தார். திரும்பி வந்தபோது ஃபோன் போர்வை மேல் கிடந்தது.

“எதைச் சொன்னே?”

“வரும்போது பாரு,” என்றான் தம்பி. உதடு உலர்ந்துபோய், சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது. “உனக்குப் பிடிக்கும்.”

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன் போய்விட்டான். அண்ணன் அழுதார். நிஜமாகவே அழுதார், சட்டை முன்பக்கம் நனைகிற அளவுக்கு. அழுகைக்கு நடுவில் ‘உனக்குப் பிடிக்கும்’ என்ற சொல் ஒரு கை வந்து முதுகில் தட்டுவதுபோல வந்துகொண்டே இருந்தது. அவருக்கே அது வெட்கமாக இருந்தது. நிறுத்தவும் முடியவில்லை.

ஃபேனுக்குக் கீழே டயர்க்காரர் உட்கார்ந்ததும், அண்ணன் வலப்பக்கமும் மச்சான் இடப்பக்கமும் இடம்பிடித்தார்கள். அதற்குள் தலைவர் எழுந்து பையிலிருந்து தாளை எடுத்துவிட்டார். போன ஆண்டு விழாவுக்கு எழுதிய தாள் அது. ‘வருக வருக’ என்ற இடங்களை மட்டும் பேனாவால் அடித்திருந்தார்.

“சர்வதேச மோட்டார் விளையாட்டு தன் தலைமகனை இழந்து நிற்கிறது. நம் சகோதரர் வாழ்க்கை என்னும் தடத்தில் ஒரு கூம்பைக்கூடத் தட்டாமல் கடந்து சென்றவர்.”

“போன சீசன்ல மட்டும் பதினோரு கூம்பு,” என்றார் டயர்க்காரர் மெதுவாக. அவருக்குப் பொய் பிடிக்காது.

“அவர் விட்டுச் சென்ற அந்த வாகனம்,” என்று தலைவர் தாளைப் புரட்டினார், “இனி நம் சங்கத்தின் பொதுச் சொத்து.”

அண்ணனும் மச்சானும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். அன்றைக்கு அவர்கள் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான். சுவரோரமாக உட்கார்ந்திருந்த தம்பி மனைவி நிமிர்ந்து பார்க்காமல், “அதெல்லாம் அவரு ஏற்பாடு பண்ணியிருப்பார், நீங்க உக்காருங்க” என்றாள். தலைவர் இன்னும் ஒன்றரைப் பக்கம் பாக்கியிருக்க உட்கார்ந்தார்.

பெட்டியைத் தூக்கும்போது முன்பக்கம் யார் என்று ஒரு சின்னத் தள்ளுமுள்ளு. இருவரும் முன்னால் வந்து நின்றதால் பின்னால் ஆள் குறைந்து, பெட்டி ஒரு கணம் சாய்ந்தது. பல் டாக்டர் ஓடிவந்து பிடித்தார். எதிர்பார்த்ததைவிடப் பெட்டி லேசாக இருந்தது. அதைத் தூக்கியவர்கள் எல்லோரும் உணர்ந்தார்கள்.

மயானத்திலிருந்து திரும்பியபோது நான்கு மணி. வீட்டுக்கு முன்னால் டயர்க்காரரின் வேன் நின்றது. அவர் தயங்கித் தயங்கி வந்தார்.

“தப்பா நினைக்காதீங்க அண்ணே. டயர் வேன்லயேதான் இருக்கு. இன்னிக்கே கொண்டுவந்து இறக்கணும்னு சொல்லியிருந்தார். செத்தவர் சொன்ன வார்த்தை, திருப்பி எடுத்துட்டுப் போக மனசு வரல.”

மூன்று பேரும் ஷெட்டுக்குள் தூக்கிப்போனார்கள். ஒவ்வொரு டயரும் கறுப்புப் பையில் சுற்றி, வாய் இறுக்கக் கட்டியிருந்தது. வெளியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. முதல் பையை இறக்கி வைத்ததும் அண்ணன் முடிச்சில் கைவைத்தார். மச்சான் பேனாக்கத்தியை நீட்டினான். பெருந்தன்மைக்காக இல்லை, அவனுக்கும் பொறுக்கவில்லை.

வெண்ணெய்.

அண்ணன் அதைத் தடவிப் பார்த்தார். விரல் ஒட்டியது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இரண்டு வருடத்துக்குப் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தது. மச்சானின் முகத்தை அவர் பார்த்தார், தேவையானதைவிடச் சற்று அதிக நேரம். மச்சான் கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான். மடக்கும்போது விரலை நறுக்கிக்கொண்டு, ஒன்றுமில்லை என்பதுபோல வாயில் வைத்துக்கொண்டான்.

“அவன் எப்பவுமே நியாயஸ்தன்,” என்றார் அண்ணன். அலுவலகத்துக் குரல் வந்துவிட்டது. “யாருக்கு எது சரிப்படும்னு அவனுக்குத் தெரியும். உனக்கு வருத்தமா இருக்கும், எனக்குப் புரியுது. தண்ணி அடிக்க ஆள் வேணும், நீ கூட வரலாம்.”

“எனக்கே ஆச்சரியம்தாண்ணே,” என்றார் டயர்க்காரர், கடைசிப் பையை இறக்கியபடி. “பத்து வருஷமா கல்லைத் தவிர எதையும் தொடாத ஆளு. என்னங்க, வெண்ணெய் கேக்கறீங்கன்னேன். ‘இருபத்தாறு கிலோ எறங்கிட்டேன்யா. கைல பழைய வேகமும் இல்ல. கல்லைச் சூடாக்க இனிமே என்னால ஆகாது’ன்னார்.”

அண்ணன் கையை டயரிலிருந்து எடுக்கவில்லை.

“மொத பந்தயத்துக்கு எப்படியும் எந்திரிச்சுருவேன், ஆனா இந்த வருஷம் எங்கண்ணன் மாதிரிதான் பதவிசா ஓட்டணும், கேட்டா அவர் சந்தோஷப்படுவார்னு சொல்லிச் சிரிச்சார். சிரிச்சதுல இருமல் வந்துருச்சு. அதுக்கப்புறம் பேச முடியல, வெச்சுட்டார்.”

“அப்ப டயர் யாருக்கு?” என்றான் மச்சான், வாயிலிருந்து விரலை எடுத்து.

டயர்க்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கேள்வி அவருக்குப் புரியவில்லை.

“யாருக்குன்னா? அவருக்குத்தான். அவர் காருக்கு அவர் டயர் கேட்டார். வேற யாருக்கு?”

இருவர் முகமும் போன போக்கைப் பார்த்து அவருக்கு ஏதோ தவறாகப் பேசிவிட்டோமோ என்று தோன்றியிருக்க வேண்டும். வேனைத் தள்ளி நிறுத்தணும் என்று முனகிக்கொண்டு வெளியே போனார். மச்சான் அடுக்கி வைத்த டயர் மேல் உட்கார்ந்தான். அண்ணன் பையை மறுபடி மாட்டி, முடிச்சுப் போட்டார். முடிச்சு இரண்டு தரம் நழுவியது.

தம்பி மனைவி தட்டில் டீ கொண்டுவந்தாள். ஷெட் வாசலிலேயே நின்று காரைப் பார்த்தாள்.

“வெள்ளிக்கிழமை, ‘என்னை ஷெட்டுக்குக் கூட்டிட்டுப் போ’ன்னு ஒரே பிடிவாதம் மாமா. நீங்க ஆபீஸ் போயிருந்தீங்க. கைத்தாங்கலா கூட்டிட்டு வந்து உள்ள உக்கார வெச்சேன். அரை மணி நேரம் என்னமோ பண்ணிட்டிருந்தார். என்னன்னு கேட்டேன், ‘சும்மா, அளவு பாக்கறேன்’னார்.”

தட்டைக் கார் பானெட் மேல் வைத்துவிட்டுப் போனாள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

“நீங்க உக்காந்து பாருங்கண்ணே,” என்றான் மச்சான். “எப்படியும் நீங்கதானே மூத்தவரு.”

அண்ணன் கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு. வயிறு ஸ்டீயரிங்கைத் தொட்டது. இருக்கை முன்னால் தள்ளியிருந்தது. பழக்கத்தில் கை தானாகப் போய் பெல்ட்டைத் தேடியது. தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு. நான்கு பட்டைகளும் கடைசி வரை இழுத்து இறுக்கப்பட்டிருந்தன. மிச்சப் பட்டையை மடித்து, தொங்காமல் இருக்க ரப்பர் வளையம் போட்டிருந்தது. இழுத்துப் பார்த்தார். இரண்டு முனைகளும் அவர் வயிற்றுக்கு மேல் ஒரு முழ இடைவெளியில் நின்றுவிட்டன.

“பத்தலையா?” மச்சான் குனிந்து உள்ளே பார்த்தான். “அந்தக் கொக்கிய அமுக்கினா லூஸாயிரும். நான் பண்ணித் தரவா?”

“வேணாம்,” என்றார் அண்ணன். “இருக்கட்டும்.”

இரண்டு முனைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, அவர் மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தார்.