சிவப்பு லாரி

பெயின்டருக்கு ஒரு வியாதி உண்டு. மோதி நசுங்கிய கார்களுக்குப் பட்டி பார்த்து பெயின்ட் அடிப்பது அவர் தொழில். எங்கே ஒரு பள்ளத்தைக் கண்டாலும் அந்தக் கை சும்மா இராது. கல்யாணத்துக்குப் போனாலும் வாசலில் நிற்கும் கார்களைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்.

ஒரே மகன் சின்ன வயதிலேயே காய்ச்சலில் இறந்த பிறகு, அவனுடைய பொம்மைக் கார்கள் ஒரு பெட்டிக்குள் கிடந்தன. ஒற்றை அறை வீட்டுக்குக் குடிமாறும் நேரம் வந்தபோது கொழுந்தியாள்தான் பேச்சை எடுத்தாள்.

"மாமா, இந்த மாதிரி பழைய பொம்மைக் காரைச் சேர்த்து வைக்கிறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. போட்டோ எடுத்து ஆன்லைன்ல போட்டா கொத்திட்டுப் போயிடுவாங்க."

மனைவி பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "வித்துடுங்க. அந்தச் சிவப்பு லாரி மட்டும் எனக்கு வேணும்" என்றாள்.

"அதை யாரு விக்கப்போறா?" என்றார் பெயின்டர்.

சிவப்பு என்றால் மகனுக்கு உயிர். அதனால்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். காரணம் கேட்கவில்லை. அவன் பேச்சு வந்தால் இருவரில் ஒருவர் எழுந்து போய்விடுவது அந்த வீட்டில் பழகிப்போயிருந்தது.

பெட்டியை ஒர்க்‌ஷாப்புக்குத் தூக்கிப் போனார். தூசி தட்டலாம் என்றுதான் போனார், பாவம். முதல் காரிலேயே ஒரு கீறல் கண்ணில் பட்டது. அவ்வளவுதான். லீவு நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேய்த்தார், பட்டி வைத்தார், ஸ்ப்ரே அடித்தார். அழவும் செய்தார். மாஸ்க் நனைந்த பிறகுதான் அதுவே அவருக்குத் தெரிந்தது. மகன் போனதிலிருந்து அவனுக்காகச் செய்ய அவருக்குக் கிடைத்த முதல் வேலை அது. சிவப்பு லாரியின் பிளாஸ்டிக் பம்பரில் சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. அதற்குத்தான் அதிகம் மெனக்கெட்டார்.

போட்டோவைப் போட்ட அன்றே பதில் வந்தது. கொழுந்தியாள் போனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க மாமா! புதுப் பெயின்ட் அடிச்சது வேணாமாம். கீறலோ அழுக்கோ, பழசு பழசாவே இருந்தாத்தான் வாங்குவாங்களாம்."

பெயின்டர் அசரவில்லை. விற்காவிட்டால் போகட்டும். லாரியை எடுத்து மனைவியிடம் நீட்டினார். அவள் முகம் மலரும் என்று நிச்சயமாக நம்பினார்.

அவள் நிறத்தைப் பார்க்கவே இல்லை. கட்டைவிரலால் பம்பரை ஒருமுறை தடவினாள். மறுபடியும் தடவினாள்.

"இங்க அவன் பல்லு இருந்துச்சே."

"பல்லா?"

"முதல் பல்லு முளைச்சப்போ ஊறல் தாங்காம இதைத்தான் கடிச்சுக்கிட்டே இருப்பான். அந்தத் தடம்ங்க. நீங்க வேலைக்குப் போனதும் பெட்டியைத் திறந்து தொட்டுப் பாத்துப்பேன்."

கொழுந்தியாள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"பெயின்ட்டைச் சுரண்டினா அடியில இருக்கும்ல?" என்று மனைவி கேட்டாள்.

பட்டி வைப்பதற்கு முன் உப்புத்தாள் போட்டு இடத்தை மட்டமாகத் தேய்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பட்டி பிடிக்காது. தொழிலில் அவர் கற்றுக்கொண்ட முதல் பாடமே அதுதான். பம்பரையும் அப்படித்தான் தேய்த்திருந்தார். அடியில் ஒன்றும் இருக்காது.

"இருக்கும்மா" என்றார்.

"அப்போ சுரண்டுங்க" என்று லாரியை அவர் கையில் கொடுத்துவிட்டு, எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.