சாய்தளத்தில் பத்து நிமிடம்

தங்கையின் வீல்சேருக்குப் பிரேக் புதிது. பழையது போன வாரம் பிடி விட்டதால் மாற்றியிருந்தார்கள். திங்கட்கிழமை முதல் அவளுக்கு மருத்துவமனை வரவேற்பு மேசையில் வேலை. அங்கே வாசல் கதவு சாய்தளத்தின் உச்சியில் இருக்கிறது, அதுவும் வெளிப்பக்கமாகத் திறக்கும். உள்ளிருப்பவர்கள் வெளியே வந்து முடியும்வரை சரிவிலேயே காத்திருக்க வேண்டும். பிரேக் பிடிக்காவிட்டால் வேலை அம்போதான்.

பட்டறை வாசலில் அதே அளவு சரிவில் ஒரு சாய்தளம் இருந்தது. தங்கை பவர் வீல்சேரைப் பாதிவரை ஏற்றி, ஜாய்ஸ்டிக்கை விட்டாள். ‘டக்’கென்று பிரேக் விழுந்தது. மெக்கானிக் கறாரான பெண்மணி. பின்சக்கரத்துக்கு நேராக சாக்பீஸால் கோடு கிழித்து, சுவிட்சையும் அணைத்துவிட்டு, கைக்கடிகாரத்தோடு முன்னால் போய் நின்றாள்.

"பத்து நிமிஷம். ஒரு நூல் நகர்ந்தாலும் ஃபெயில்."

அண்ணன் பின்னால் நின்றான். எட்டு வருடமாக அவன் நிற்கிற இடம் அது. மழையோ வெயிலோ, அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அதில் மனிதனுக்கு ஏகப்பட்ட பெருமை.

பத்து நிமிடம் ஆனது. சக்கரம் கோட்டிலேயே இருந்தது. "பாஸ்!" என்று அண்ணன் கத்தினான்.

மெக்கானிக் வந்து குனிந்தாள். "அது சரி, உங்க ஷூ ஏன் சக்கரத்துக்கு அடியில இருக்கு?"

அண்ணன் அசடு வழிந்தான். "சும்மா... ஒரு பாதுகாப்புக்கு."

தங்கைக்கு வந்ததே கோபம்! "திங்கக்கிழமை அந்தக் காலைக் கழட்டி என்கூட அனுப்புவியா அண்ணா?"

மறுபடி புதுக் கோடு. இந்த முறை அண்ணனைத் தெருவுக்கு அந்தப் பக்கம் துரத்திவிட்டார்கள். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பையில் விட்டான், எடுத்தான், மறுபடி விட்டான். லாரி ஒன்று குறுக்கே வந்து மறைத்தபோது அவன் உயிர் அவனிடம் இல்லை. லாரி விலகியது. தங்கை சரிவில் சட்டமாக உட்கார்ந்து, மெக்கானிக்கிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றுமில்லை, இவனுக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. இவளுக்கா இத்தனை நாள் முட்டுக்கொடுத்தோம் என்று நினைத்தான். வெட்கமாகவும் இருந்தது, அதைவிடப் பெருமையாகவும் இருந்தது.

ஒரு நூல்கூட நகரவில்லை.

அவன் ஓடி வந்தபோது மெக்கானிக் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஓட்டிச் சோதித்தவர் என்ற இடத்தில் தங்கை ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"கூட வர்ற துணை ஆள் யாருன்னு கேட்டிருக்கு. உங்க பேரைப் போடவா?"

தங்கை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"யாரும் இல்லைன்னு போடுங்க. கொஞ்சம் பெருசா எழுதுங்க."