ஃபைல் அத்தையும் ஒரு கயிறும்

அறிக்கை எழுதுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பன்னிரண்டு வருடமாகச் சமூகப் பணியாளராக இருக்கிறாள். ஒரு வீட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், அந்தக் குடும்பத்தைப் புட்டுப்புட்டு வைத்துவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் போய், எழுதியதை அந்தக் குடும்பத்துக்கே படித்துக் காட்ட வேண்டும், அவர்கள் சொல்வதையும் சேர்த்த பிறகே குழந்தைகள் நலக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று அலுவலகத்தில் புது விதி போட்டால் முகம் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

முதலில் வாய்த்ததே சிக்கலான வீடு. அப்பாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. அம்மா இறந்து இரண்டு வருடம். நான்கு வயதில் ஒரே மகள். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, வாலு என்றுதான். படித்துக் காட்டும் நாளுக்கு மறுநாள் குழு கூடி, வாலு அப்பாவிடமே இருக்கலாமா, காப்பகத்துக்குப் போக வேண்டுமா என்று முடிவு செய்யும். அவள் எழுதி வைத்திருந்த அறிக்கை காப்பகம் என்றுதான் சொன்னது.

வழக்கமாக அவள் பகல் பதினொரு மணிக்குத்தான் போவாள். அலுவலக வண்டி அப்போதுதான் கிடைக்கும். படிப்பதைக் கேட்க அப்பா விழித்திருக்க வேண்டுமே என்று இந்த முறை காலை ஏழு மணிக்கே பஸ் பிடித்துப் போனாள். போனால், வீடே கலகலவென்று இருந்தது. வேலை முடிந்து வந்த அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரவுத் துணைக்கு வந்து படுக்கும் சித்தி, இறந்துபோன அம்மாவின் தங்கை, தன் வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் வாலுவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சித்தி என்று ஒருத்தி இருப்பதே ஃபைலில் இல்லை. பதினொரு மணிக்குப் போனால் அவள் எப்படிக் கண்ணில் படுவாள்?

பணியாளர் ஃபைலைத் திறந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். தந்தை பகலில் உறங்குகிறார். அப்பா தலையாட்டினார். மதியம் அடுப்பு எரிவதில்லை. அதற்கும் தலையாட்டினார். ஃபைலைக் கண்டாலே அவருக்கு வாயடைத்துப் போகும். அவள் முன்பு வந்த மூன்று முறையும் தூக்கக் கலக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டவர். அடுத்த வரியைப் படித்தாள்: குழந்தை கயிற்றால் கட்டிப்போடப்படுகிறது.

வாலு சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"என்னை யாரும் கட்டல, ஃபைல் அத்தை. நான்தான் அப்பாவைக் கட்டிப்போடுவேன்."

சொன்னதோடு விடவில்லை. ஓடிப்போய்க் கயிற்றை எடுத்துவந்து செய்தே காட்டினாள். ஒரு முனை அப்பாவின் கால் கட்டைவிரலில், மறு முனை தன் கையில். தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு இழுப்பு. பாத்ரூம் என்றால் இரண்டு. வாசலில் ஆள் வந்தால் மூன்று. நீங்கள் வந்தபோதெல்லாம் மூன்று இழுத்தேனே என்றாள் பெருமையாக.

ஃபைல் அத்தைக்குச் சுருக்கென்றது. மூன்று தடவை அந்தக் கயிற்றைப் பார்த்திருக்கிறாள். எதற்கு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. படிவத்தில் அந்தக் கேள்வி கிடையாது.

மகள் பேசிய தைரியத்தில் அப்பாவும் வாயைத் திறந்தார்.

"நான் தூங்கறப்ப இவ தனியா முழிச்சிருக்கறது எனக்கும் பயமாத்தான் இருக்கு, மேடம். காலையில பாலர் பள்ளியில விடணும்னு இடம் கேட்டு மனு குடுத்து நாலு மாசம் ஆச்சு. பதிலே வரல."

"யார்கிட்ட குடுத்தீங்க?"

"உங்க ஆபீஸ்லதான்."

வெட்கத்தில் அவளுக்குக் காது மடல் சுட்டது. அந்த மனு எந்தக் காகிதக் கட்டில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் மேஜைக்குப் பக்கத்து மேஜையில், ஃபிளாஸ்குக்கு அடியில் கிடப்பது.

அறிக்கையை முதலிலிருந்து எழுதினாள். சித்தியை எழுதினாள், காலைச் சாப்பாட்டை எழுதினாள், மனு எங்கே தூங்கியது என்பதையும் மறைக்காமல் எழுதினாள். பழைய அறிக்கையையும் கூடவே இணைத்தாள். காப்பகம் என்றல்லவா முதலில் எழுதியிருந்தீர்கள் என்று குழுத் தலைவர் கேட்டார். அது பதினொரு மணி அறிக்கை, இது ஏழு மணி அறிக்கை என்றாள். வாலு அப்பாவிடமே இருக்கட்டும், திங்கட்கிழமை முதல் பாலர் பள்ளியில் இடம் என்று முடிவானது. பன்னிரண்டு வருடத்தில் ஒரு கையெழுத்துக்காக அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக இறங்கினாள். இந்த வயதில் இது தேவையா என்று முழங்கால் கேட்டது.

திங்கட்கிழமை காலை வழியனுப்ப அவளே போனாள். வாலு புதுப் பையை மாட்டிக்கொண்டு, படுத்திருந்த அப்பாவின் கட்டைவிரலில் வழக்கம்போல் கயிற்றைக் கட்டினாள். மறு முனையை எடுத்துவந்து ஃபைல் அத்தையின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"நான் வர்ற வரைக்கும் நீங்க பிடிச்சுக்கோங்க. சும்மா சும்மா இழுக்கக் கூடாது. அப்பா தூங்கட்டும்."

சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். அதற்குள் அப்பா குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

கயிற்றைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். அவளுக்கு மனசு வரவில்லை.

அன்று அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதம். ஏன் என்று கேட்ட மேலதிகாரியிடம், ஒரு வீட்டில் கயிறு பிடித்துக்கொண்டிருந்தேன் என்றாள். அதை ஃபைலிலும் எழுதினாள்.