வியாழக்கிழமைக் குரல்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கி, சிப்காட் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தால், பாதி வழியில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருந்தது ஷாஹுலின் பிரவுசிங் சென்டர். நாலு சிஸ்டம், நாலு பிளாஸ்டிக் நாற்காலி, நடுநடுவே பிளைவுட் தடுப்பு. அவனுக்குச் சொந்த ஊர் பழவேற்காடு. வாப்பாவுக்கு இறால் வியாபாரம். அந்த வாடையே வேண்டாம் என்று இருபத்தாறு வயதில் இங்கே வந்து கடை போட்டான்.

சும்மா சொல்லக்கூடாது, ஆள் கெட்டிக்காரன். ஆனால் அவனுக்கு ஒரு பித்து உண்டு. உலகத்தில் எந்த மூலையில் எவன் புது பிரவுசர் விட்டாலும், புது சர்வீஸ் தொடங்கினாலும், அன்றைக்கே அது அவன் கடையில் இறங்கியாக வேண்டும். வெந்ததா வேகாததா என்றெல்லாம் பார்க்க மாட்டான். பீட்டா என்றால் இன்னும் சோதனையில் இருக்கிறது, பார்த்துக்கொள் என்று அர்த்தம். ஷாஹுல் அதை அப்படிப் படிப்பதே இல்லை. ஊருக்கெல்லாம் கிடைக்கும் முன்னால் நமக்குக் கிடைத்திருக்கிறது என்றுதான் படிப்பான். ஒரு தடவை ஏதோ பிரவுசரில் தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது என்று எழுதிப் போட்டான். அந்தக் கம்பெனி நன்றி சொல்லி மெயில் அனுப்பியது. அதை பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தான்.

கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கம்பெனி ஆட்கள். "பாய், ஒரு மெயில் ஐடி போட்டுக் குடு" என்று வந்து நிற்பார்கள். பெயரை மட்டும் கேட்டுக்கொள்வான். பிறந்த தேதி, மாற்று மெயில், அது இது எல்லாவற்றையும் அவனே கைக்கு வந்தபடி அடித்துவிடுவான். பாஸ்வேர்டையும் அவனே வைப்பான். "அதெல்லாம் நீ ஞாபகம் வச்சிக்க வேணாண்ணா. இதே சீட்ல வந்து உக்காரு, சிஸ்டம் ஞாபகம் வச்சிக்கும், தானா தொறக்கும்" என்பான். தானாகத்தான் திறந்தது. அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்காலி சொந்தமாகிப் போனது. அதில் வேறு யாராவது இருந்தால் காலியாகும்வரை காத்திருப்பார்கள்.

மூன்றாம் நம்பர் நாற்காலி விக்டோரியாவுடையது. சிப்காட்டில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை அவளுக்கு. புருஷன் சாலமோன் இங்கே உருக்காலையில் வெல்டராக இருந்து, சவூதியில் ஜுபைலுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பேருக்கும் எழுத்து வராது என்றில்லை, எழுதினால் பேசின மாதிரி இருக்காது. போனில் பேசினால் காசு பறக்கும். அப்போதுதான் ஷாஹுல் வாய்ஸ்நெஸ்ட் என்று ஒரு புது சர்வீஸைப் பிடித்து வந்தான். ஏற்கெனவே சேர்ந்தவர்கள் அழைப்பு கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள், அதுவும் பீட்டா. ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம்வரை பேசினால், அந்தப் பேச்சு அப்படியே மறுபக்கத்துப் பெட்டிக்குப் போய் விழும். தன்னிடம் இருந்த இரண்டு அழைப்பை இவர்களுக்குக் கொடுத்தான்.

அதிலிருந்து ஒரு முறை ஏற்பட்டது. வெள்ளி அங்கே லீவு என்பதால் சாலமோன் வியாழக்கிழமை சாயங்காலம் பேசி அனுப்புவான். அனுப்பியதும் விக்டோரியாவின் செல்லுக்கு ஒரே ஒரு ரிங் விடுவான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவள் நேரே மாடியேறி வருவாள். ஷாஹுல் கிளிக் பண்ணிக் கொடுப்பான். அவள் கேட்பாள், பிறகு பதில் பேசுவாள்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு அவள் கேட்ட குரலில், இன்னும் ஒரு வருஷம் இருந்துவிட்டு வருகிறேன் என்று சாலமோன் சொல்லியிருந்தான். விக்டோரியாவுக்கு வந்ததே கோபம்! கடையில் இருந்தவர்கள் எல்லாரும் தடுப்புக்கு மேலே தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"அங்கியே கெட! இங்க ஒன்ன யாரும் தேடல. வராத, போ!"

ஷாஹுல் மவுஸைப் பிடித்தபடி, "அனுப்பட்டுமாக்கா?" என்று தயங்கினான்.

"அனுப்பு தம்பி. கேக்கட்டும்."

அனுப்பினான்.

செப்டம்பர் நாலாம் தேதி, வியாழக்கிழமை, அவள் ஷிப்டில் இருக்கும்போது அந்த ஒரு ரிங் வந்தது. சரி, பதில் வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தாள். கோபம் முழுசாகத் தணிந்திருக்கவில்லை. சனிக்கிழமை ஜுபைலிலிருந்து போன் வந்தது. வெள்ளிக்கிழமை விடிகாலையில் தொழிலாளர் கேம்ப்பில் தூங்கின இடத்திலேயே சாலமோன் இறந்து கிடந்தான் என்றார்கள். நெஞ்சு வலியாம். நாற்பது வயது.

அதே சனிக்கிழமை ஷாஹுல் என்ன செய்துகொண்டிருந்தான் தெரியுமா? அந்த வாரம்தான் ஒரு புது பிரவுசரின் பீட்டா வந்திருந்தது. நோன்பு வைத்துக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல், ஒவ்வொரு சிஸ்டமாக ஏற்றிக்கொண்டிருந்தான். சிஸ்டத்தில் மெமரி குறைவு, இரண்டு பிரவுசர் தாங்காது. பழையதை வேரோடு தூக்கினான். பழைய விவரங்களையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்டது. சுத்தமாக இருக்கட்டுமே என்று டிக் போட்டான். நாலு சிஸ்டத்திலும் போட்டான்.

புதன்கிழமை விக்டோரியா வந்தாள். எண்ணெய் காணாத தலை, வீங்கின கண். விஷயம் ஷாஹுலுக்கு முன்பே தெரியும். எழுந்து நின்றான்.

"தம்பி, வியாழக்கெழம ரிங்கு வந்துச்சுப்பா. அவரு பேசி அனுப்பிக்கீறாரு. நான் அப்படி கத்துனதுக்கு இன்னா சொல்லிக்கீறாருன்னு கேக்கணும். கோவமா பூட்டாரா இன்னான்னு தெரியணும் எனக்கு."

அவள் மூன்றாம் நம்பரில் உட்கார்ந்து ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஷாஹுல் வாய்ஸ்நெஸ்டைத் திறந்தான். புது பிரவுசர் பளிச்சென்று வந்தது. பெயருக்கு ஒரு கட்டம், பாஸ்வேர்டுக்கு ஒரு கட்டம். இரண்டும் காலி. பெயர் தெரியும், பாஸ்வேர்டு என்ன வைத்தோம்? நூறு பேருக்கு நூறு வைத்தவன், எதையென்று நினைவில் வைப்பான்?

"சர்வர் டவுன் அக்கா" என்றான். "ஃபாரின்ல கோளாறு. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

அவள் ஹெட்போனைக் கழற்றி மெதுவாக வைத்துவிட்டு, "பேஜாரு புடிச்ச சர்வரு" என்று சொல்லி இறங்கிப் போனாள். அவள் நம்பிவிட்டாள். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அந்தத் தெருவே நம்பும்.

அவள் போனதும் உட்கார்ந்தான். தப்பாக ஐந்து தடவை அடித்தால் ஒரு நாள் பூட்டிக்கொள்ளும். ஆகவே நாளைக்கு ஐந்து. விக்டோரியா, சாலமோன், ஜுபைல், கும்மிடிப்பூண்டி, பின்னால் ஒன்று இரண்டு மூன்று, எல்லாம் போட்டுப் பார்த்தான். மாற்று மெயிலுக்குப் புது பாஸ்வேர்டு அனுப்புகிறோம் என்றது. மாற்று மெயில் கட்டத்தில் அன்றைக்கு என்ன கண்டமேனிக்கு அடித்தானோ, அப்படி ஒரு முகவரியே உலகத்தில் இல்லை. கம்பெனிக்கு எழுதினான். மெஷின் பதில் போட்டது. மறுபடி எழுதினான். பத்து நாள் கழித்து ஒரு மனுஷன் பதில் போட்டான், மாற்று மெயில் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது, மன்னிக்கவும் என்று.

அந்தத் தேடலில்தான் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தான். சோதனைக் காலம் என்பதால், கேட்டதோ கேட்காததோ, எந்தக் குரலும் முப்பது நாளுக்குமேல் இருக்காது. இவர்களை இதில் சேர்த்துவிட்டவனே அவன்தான், ஒரு நாளாவது இதைப் படித்தானா? ரிங் வந்த நாளிலிருந்து நாட்காட்டியில் முப்பது எண்ணினான். அக்டோபர் நாலு.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். படுபாவி, சொல்லவில்லை. வெட்கம் ஒரு பக்கம். கம்ப்யூட்டரில் இவனுக்குத் தெரியாதது இல்லை என்று நம்புகிற ஒருத்தியிடம், நான்தான் அழித்தேன் என்று எப்படிச் சொல்வது? இன்னொரு பக்கம் ஒரு நியாயம் வேறு கண்டுபிடித்து வைத்திருந்தான். சொல்லி என்ன ஆகப்போகிறது? மவுஸ் பிடிக்கத் தெரியாதவள். திறக்கிற வேலை தன்னுடையது. திறந்துவிட்டால் சொல்லவே தேவையில்லை. இப்படித்தான் ஓட்டினான்.

அவள் இரண்டு நாளைக்கு ஒரு தரம் வந்தாள். இவன் நோன்பு வைத்த வாயால் "இன்னும் சரியாவலக்கா" என்று சொன்னான். ஒவ்வொரு தடவையும் அன்றைய நோன்பு வயிற்றில் கல்லாகக் கிடந்தது. இருபதாம் நாள் சாலமோனின் பெட்டி வந்தது. பெட்டியைத் திறக்க வேண்டாம், பார்க்கிற நிலையில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அடக்கத்துக்கு ஷாஹுலும் போனான். மண் போட்ட கையோடு விக்டோரியா அவனைத் தேடி வந்தாள்.

"மூஞ்சியும் பாக்கல தம்பி. அந்தக் கொரலாவது இருக்குதுல்ல?"

"இருக்குதுக்கா" என்றான். அன்றைக்கு அது பொய்யில்லை. இருந்தது.

பெருநாள் வந்தது. புதுச் சட்டை போட்டுத் தொழுகைக்குப் போனான். கையேந்தி நின்றபோது வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அந்த ஒரு வார்த்தை என் நினைவுக்கு வரட்டும் ரப்பே என்று கேட்டான். வரவில்லை.

அக்டோபர் நாலு, சனிக்கிழமை, முதல் ஷிப்ட் முடித்து யூனிபார்மோடு வந்தாள். மணி மூன்றரை. அன்றைய ஐந்தையும் காலையிலேயே அடித்துத் தீர்த்திருந்தான். "நாளைக்கி வாக்கா" என்றான். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. அந்தக் குரல் நேற்றோடு போயிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். இனி காப்பாற்ற ஒன்றுமில்லை என்று ஆனபிறகுதான் அவனுக்கு உண்மை பேசத் துணிவு வந்தது. இவள் வீணாக மாடியேறி வருவதையாவது நிறுத்தலாம் என்று நினைத்தான்.

"அக்கா, சர்வர்லாம் ஒன்னுமில்ல. நான்தான். புதுசு போடறேன்னு பழசத் தூக்கனேன். அதுலதான் உன் பாஸ்வேர்டு இருந்துச்சு. அழிஞ்சி பூட்சு. எனக்கு ஞாபகம் இல்ல. ஒரு மாசமா ஒன்கிட்ட பொய் சொல்லிக்கினு இருந்தேன்."

கத்துவாள் என்று பயந்து நின்றான். அவள் புரியாமல் அவனைப் பார்த்தாள்.

"பாஸ்வேர்டா? அது இல்லாதுனாலயா தொறக்கல?"

"ஆமாக்கா."

விக்டோரியா கைப்பையைத் திறந்து கம்பெனி அடையாள அட்டையை எடுத்தாள். தினமும் கழுத்தில் தொங்கப் போடுகிற அட்டை. பிளாஸ்டிக் உறைக்குள் அட்டைக்குப் பின்னாலிருந்து நாலாய் மடித்த ஒரு சீட்டை உருவி நீட்டினாள்.

"இதா பாரு. மொத நாளு நீதான எழுதிக் குடுத்த. எங்கம்மா பேரு. ஒரு பேரு சொல்லுக்கான்னு கேட்ட, நான் சொன்னேன். பத்திரமா வச்சிக்கோன்னு சொன்ன, வச்சினுகிறேன்."

ஷாஹுலின் சொந்தக் கையெழுத்து. ஆங்கிலத்தில் மணியம்மாள், பின்னால் இரண்டு ஒன்று. வருகிற எல்லாருக்கும் ஆரம்பத்தில் கொஞ்ச நாள் அப்படி எழுதிக் கொடுத்தது அப்போதுதான் அவனுக்கு நினைவுக்கு வந்தது. எல்லாரும் படியிறங்குவதற்குள் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள் என்று அவனே அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டான்.

"நீ கேக்கவே இல்லியேப்பா" என்றாள் விக்டோரியா. குற்றம் சொல்கிற குரலில் இல்லை. அவளுக்கு அவசரம். ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு திரையின் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். "அடி. சீக்கிரம் அடி."

அடித்தான். ஒரு தடவை தப்பாகி, மறுபடி அடித்தான். பீட்டாதானே, சொன்ன நேரத்துக்கு எதுவும் நடக்காதே, இதுவும் ஒரு நாள் பிந்தியிருக்கக் கூடாதா யா அல்லாஹ் என்று மனசுக்குள் கெஞ்சினான். முதல் தடவையாக அந்தச் சர்வீஸில் ஒரு கோளாறு இருக்க வேண்டும் என்று வேண்டினான்.

திறந்தது. கோளாறு ஒன்றும் இல்லை. பெட்டி காலி. கீழே சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு வரி.

"தொறந்துச்சா? ஒன்னும் கேக்கலியே."

"அக்கா... முப்பது நாளுதான் வச்சிருப்பாங்களாம். அழிச்சிட்டாங்க."

"எப்ப?"

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினான்.

"நேத்து. சாயங்காலம் ஆறே முக்காலுக்கு."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நேத்து நான் வந்தேனே. மூணரைக்கி."

"ஆமாக்கா."

"இந்த அட்டயும் கழுத்துலதான் இருந்துச்சு."

கீழே சிப்காட் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. அவள் அழுவாள், அடிப்பாள், காறித் துப்புவாள் என்று ஷாஹுல் எதற்கும் தயாராக நின்றான். எது வந்தாலும் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் எதுவும் செய்யவில்லை. விரலை நீட்டி அந்தச் சாம்பல் வரியைத் தொட்டாள்.

"இதுல இன்னா போட்டுக்கீது?"

"அனுப்புன தேதி. அழிச்ச தேதி. எவ்ளோ நேரம் பேசினாருன்னு."

"எவ்ளோ நேரம்?"

"பன்னெண்டு செகண்டு."

ஐந்து நிமிஷம் பேசலாம். சாலமோன் எப்போதும் ஐந்தையும் பேசித் தீர்த்து, வார்த்தை நடுவில் அறுந்துதான் முடிப்பான். ஹெட்போன் இன்னும் அவள் காதில்தான் இருந்தது.

"பன்னெண்டு செகண்டுன்னா எனக்குத் தெரியாதுப்பா. அவ்ளோ நேரம் பாத்துச் சொல்லு. அதுக்குள்ள இன்னா சொல்லியிருக்க முடியும்னு பாக்கறேன்."

ஷாஹுல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "இப்ப" என்றான். விக்டோரியா கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. முள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயிற்று.

"ஆச்சுக்கா" என்றான்.

"இன்னொரு தபா" என்றாள் அவள்.