அடைப்புக்குறிக்குள் அவர் சொன்னது

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது டென்மார்க்கின் பிரெடெரிசியாவில், ஒரு பிள்ளை பெரியவளானதற்கு எடுத்த சாமத்தியவீட்டு மண்டபத்தில், மட்டன் ரோல்ஸுக்கு நின்ற வரிசையில். எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்து, "நீங்கள் கதை எழுதிற ஆள்தானே அண்ணை? என்னட்ட ஒண்டு இருக்கு. பேரை மட்டும் போட்டிடாதேங்கோ" என்றாள். ரோல்ஸும் இலவசம், கதையும் இலவசம். எந்த எழுத்தாளன் வேண்டாம் என்பான்?

ஆகவே அவளுக்குச் சயந்தினி என்று பெயர் வைத்தேன். ஊர் ஒடென்சே என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு ஹோட்டல், அதன் கீழ்த்தளத்தில் ஒரு போக்கர் அறை. அந்த ஹோட்டலைத் தேடிப் போகாதீர்கள், அதை நான் இப்போதுதான் கட்டி முடித்தேன். சயந்தினி அங்கே டீலர். அதாவது மேசையின் நடுவில் அமர்ந்து, எல்லோருக்கும் சீட்டுப் பகிர்ந்து, தான் மட்டும் விளையாடாமல், தோற்றவர்கள் எல்லோரிடமும் திட்டு வாங்குகிற வேலை.

2

கதையை எங்கே தொடங்குவது என்று நான் பட்ட பாட்டை நீங்களும் கொஞ்சம் படுங்கள்.

தொடக்கம் அ: "ஒடென்சேயில் மழை பெய்துகொண்டிருந்தது." (டென்மார்க்கில் மழை பெய்தது என்று எழுதுவது வீண் மை. கைவிட்டேன்.)

தொடக்கம் ஆ: "வாழ்க்கை என்பது ஐம்பத்திரண்டு சீட்டுகள் கொண்ட ஒரு—" (மன்னியுங்கள். கைவிட்டேன்.)

தொடக்கம் இ: "குடித்துவிட்டு வந்த டேனிஷ்காரன் ஒருவன், அந்தத் தமிழ்ப் பெண்ணைப் பார்த்து, கறுப்பி என்று—"

இது நன்றாக ஓடியது. இரண்டு பக்கம் மூச்சுவிடாமல் எழுதினேன். வாசகர்கள் கொதிப்பார்கள், முகநூலில் பகிர்வார்கள், யாரும் என்னோடு கோபிக்கமாட்டார்கள். பெருமையோடு சயந்தினிக்கு அனுப்பினேன். அன்று பின்னேரமே தொலைபேசி வந்தது.

"அண்ணை, அந்த ஆளை ஏன் வெள்ளைக்காரனாக்கினீங்கள்?"

"அப்பதான் வாசிக்கிற சனத்துக்குச் சுகமாய் விளங்கும்."

"டேனிஷ்காரன் ஏசினால் நான் ஏன் உங்களிட்ட வாறன்? கையை உயர்த்திப்போட்டு அடுத்த சீட்டைப் போட்டிருப்பன்."

அவள் சொன்னது சரி. இந்தக் கதையில் சரியாகப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். எனவே தொடக்கம் இ-யும் போய்விட்டது.

3

கையை உயர்த்துவது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். தலைப்பு: முரட்டு விளையாட்டுக்காரர்களைக் கையாளுதல். பாடம் எளிது. டீலர் வாதாடக் கூடாது. முகத்தைப் பார்க்கக் கூடாது. பொறுக்க முடியாவிட்டால் கையை உயர்த்தி "ஃபுளோர்!" என்று கூப்பிட வேண்டும். அறைப் பொறுப்பாளர் வருவார். முதல் முறை எச்சரிக்கை. இரண்டாம் முறை கொஞ்ச நேரம் வெளியே. மூன்றாம் முறை ஒரு வருடத் தடை.

ஒத்திகையும் இருந்தது. பொறுப்பாளர் பிரெபென், ஆறடி உயர நல்ல மனிதர், முரட்டு விளையாட்டுக்காரராக நடித்தார். மேசையைத் தட்டி, "நீ கொஞ்சம் எரிச்சலூட்டுகிறாய்!" என்று கத்தினார். கத்திவிட்டு உடனே, மனம் நோகவில்லையே என்று இரண்டு தடவை கேட்டு, அவளுக்குக் கோப்பி எடுத்துக் கொடுத்தார். எங்கள் வீடுகளில் இதைவிடக் கடுமையாகத்தான் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். சயந்தினி அந்தப் பயிற்சியில் சிறப்பாகத் தேறினாள்.

(பக்கக் குறிப்பு: அன்று இன்னொன்றும் கற்றாள். டீலர் மேசையை விட்டு எழும்போது இரு கைகளையும் ஒருமுறை தட்டி, முன்னும் பின்னும் விரித்துக் காட்ட வேண்டும். எதையும் ஒளித்துக்கொண்டு போகவில்லை என்பதற்கு. எழுத்தாளர்களுக்கும் இப்படி ஒரு விதி இருந்திருக்கலாம்.)

பயிற்சிப் புத்தகத்தில் எல்லாம் இருந்தது. குடிகாரர், அழுகிறவர், சீட்டை முகத்தில் எறிகிறவர். பாலேந்திரா மாஸ்ரர் மட்டும் இல்லை.

4

பாலேந்திரா மாஸ்ரர் பிரெடெரிசியாத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் ஆசிரியர். சயந்தினி டென்மார்க்கில் பிறந்த பிள்ளை. அவளுக்கு அனாவும் ஆவன்னாவும் எழுதப் பழக்கியவர் அவரே. வணக்கம் சொல்லும்போது தலை எவ்வளவு குனிய வேண்டும் என்பதுகூட அவர் வகுப்பில் ஒரு பாடம். பொங்கல் விழாதோறும் தமிழர் பண்பாடு பற்றிப் பேசுவார், பொங்கல் ஆறும்வரை.

ஞாயிறு பிற்பகலில் லிலேபெல்ட் பாலத்தைத் தாண்டி ஒடென்சேக்கு வருவார். தன் ஊரில் ஆடினால் சனம் கண்டுவிடும். பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்ததும் பண்பாட்டைக் கழற்றி, கோட்டோடு சேர்த்துப் பின்சீட்டில் மடித்து வைத்துவிடுவார் என்று நினைக்கிறேன்.

முதல் ஞாயிறு, சயந்தினியின் மேசையில் அமர்ந்தபோது அவர் முகம் ஒரு கணம் செத்துப் பிழைத்தது. அவளுக்கும் அப்படித்தான். பிறகு இருவரும் டேனிஷில் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். அன்று கடைசிச் சீட்டில் அவர் தோற்றார். சீட்டைப் போட்டது அவள். எனவே குற்றவாளியும் அவள். கையிலிருந்ததை அவள் நெஞ்சை நோக்கி எறிந்து, தமிழில் சொன்னார்:

"[            ]"

(அடைப்புக்குறி என்னுடையது. அந்தச் சொல்லை அச்சில் போட முடியாது. காரணம் நாகரிகம் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில், அடுத்த மாதம் என் புத்தக வெளியீட்டுக்குத் தலைமை தாங்குகிறவர் அவர். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், வாசித்தாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் தலைமை தாங்குகிறவர்கள் வாசிப்பதில்லை. அதுதான் என் துணிவு.)

சயந்தினி கையை உயர்த்தினாள். தமிழ் விளங்காத பிரெபென், சீட்டு எறிந்ததற்காக மட்டும் எச்சரித்தார். அடுத்த ஞாயிறு மாஸ்ரர் மேசையில் குத்தினார், மறுபடி அதே அடைப்புக்குறி. மேசையில் குத்தியதற்காக வெளியே அனுப்பப்பட்டார். வெளியே என்றால் கோப்பி இயந்திரத்துக்கு அருகில். இடைவேளைக்குப் போனவளை அங்கேதான் பிடித்தார்.

"பிள்ளை, அப்பா சுகமோ?"

"ஓம், மாஸ்ரர்."

"நீ மேல ரிசப்ஷனில நிக்கிறாய் எண்டெல்லோ மனுசன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறார். நான் ஒண்டும் கதைக்கேல்லை. நீயும் இனிக் கையை உயர்த்தாமல் இரு. ரெண்டு பேருக்கும் நல்லது."

5

இந்த இடத்தில் அவருக்காக ஒரு பத்தி எழுதினேன். பாத்திரத்துக்கு நியாயம் செய்ய வேண்டும் என்பார்களே, அந்த வியாதி.

அந்தப் பத்தி இதுதான்: யாழ்ப்பாணத்தார் முந்நூற்றிநாலு ஆடிப் பழகியவர்கள். அந்தச் சீட்டாட்டத்தில் ஏச்சும் ஓர் அங்கம். துரும்புச் சீட்டைத் தவறாகப் போட்ட கூட்டாளியை அவன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டாமல் ஓர் ஆட்டம் முடியாது. திட்டு வாங்கியவன் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுப்பான், பிறகு இருவரும் ஒரே தட்டில் கடலை கொறிப்பார்கள். மாஸ்ரர் அந்தப் பழக்கத்தில்தான்—

நிறுத்திவிட்டேன். முந்நூற்றிநாலில் கூட்டாளி திருப்பி ஏசலாம். டீலர் ஏச முடியாது. திருப்பி ஏச முடியாத ஒருத்தியைப் பார்த்து ஏசுவதற்குப் பெயர் விளையாட்டு இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரைப்பக்கம் தேவைப்பட்டது. அவளுக்கு அது முதல் ஞாயிறே தெரியும்.

6

அவர் எப்படி அவளைக் காட்டிக்கொடுக்க முடியும் என்று புத்திசாலி வாசகர் கேட்பார். "சூதாடப் போன இடத்தில் உங்கட மகளைக் கண்டன்" என்று சொல்ல முடியுமா?

நீங்கள் எங்கள் சனத்தோடு பழகியதில்லை போலிருக்கிறது. எங்களிடம் "கேள்விப்பட்டன்" என்று ஒரு வசதி இருக்கிறது. அதற்குச் சாட்சி தேவையில்லை. யாரிடம், எங்கே, எப்போது என்று கேட்பது மரியாதைக் குறைவு. வடக்கே ஸ்கீவ நகரில் ஒருவர் தும்மினால் ஒடென்சேயில் ஒருவர் கேள்விப்படுவார். தான் கண்ணால் கண்டதைக்கூட, "கேள்விப்பட்டன்" என்று சொல்லித் தப்பிக்கலாம்.

சயந்தினி பயந்தது இதற்குத்தான். அவளுடைய அப்பா சபாரத்தினம், காட்ஸ் (சீட்டு) ஆடிய சொந்த மச்சானோடு, அந்தக் குற்றத்துக்காகவே பதினெட்டு வருடம் கதைக்காமல் இருக்கிறவர். மகளைப் பற்றி அவர் பெருமையாகச் சொல்வது ஒன்றே ஒன்று: "என்ர பிள்ளை பொய் சொல்லாது." ஏச்சுக்கு அவள் பயப்படவில்லை. அவர் பேசாமல் போய்விடுவார் என்று பயந்தாள். மச்சானுக்குப் பக்கத்து நாற்காலி அவளுக்கும் வந்துவிடும்.

7

மூன்றாம் ஞாயிறு. மாஸ்ரர் தேறியிருந்தார். சீட்டை எறியவில்லை, மேசையைத் தொடவில்லை. தோற்றதும் புன்னகைத்து, தலையை அளவாகக் குனிந்து, தேவாரம் சொல்கிற குரலில் மெல்லச் சொன்னார்:

"[            ]"

பக்கத்திலிருந்த டேனிஷ் மூதாட்டி, எவ்வளவு பண்பான மனிதர் என்பதுபோல் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

சயந்தினியின் வலது கை மேசை விளிம்பிலிருந்து கொஞ்சம் எழும்பியது. பிறகு இறங்கியது. அந்தக் கையைப் பார்க்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அடுத்த சீட்டைப் போட்டாள், அதற்கடுத்ததையும் போட்டாள். இடைவேளை வந்ததும் கைகளைத் தட்டி, விரித்துக் காட்டிவிட்டு வெளியே போனாள். டிராம் போகிற வீதியில் நின்று அப்பாவுக்கு அழைப்பெடுத்தாள்.

(இந்த அழைப்பை நான் யோசிக்கவில்லை. என் திட்டத்தில் அவள் கழிவறையில் அழுவதாக ஒரு பக்கம் இருந்தது. நல்ல பக்கம். "நான் அழேல்லையே அண்ணை" என்றாள். எடுத்துவிட்டேன்.)

"அப்பா, நான் ரிசப்ஷனில வேலை செய்யேல்லை. கீழ, போக்கர் ரூமில. காட்ஸ் போடுறது."

மறுபக்கத்தில் டேனிஷ் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் நிறுத்துவது கேட்டது.

"தெரியும்."

"ஆர் சொன்னது?"

"கேள்விப்பட்டனான்."

"எப்ப?"

"பொங்கலுக்கு முந்தியே. நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்." பிறகு கேட்டார்: "சாப்பிட்டியே?"

தொலைபேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து மூக்கை உறிஞ்சினாள், பிறகு இல்லை என்றாள். இது அழுகை அல்ல என்று எனக்குச் சொல்லியிருக்கிறாள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

8

திரும்பி வந்து அமர்ந்தாள். சீட்டுப் பகிர்ந்தாள். மாஸ்ரர் தோற்றார். அன்று அவருக்கு நல்ல நாளில்லை. தலை குனிந்தது, புன்னகை வந்தது, தேவாரக் குரல்:

"[            ]"

கை உயர்ந்தது. "ஃபுளோர்!"

பிரெபென் வந்தார். அவர் ஒழுங்கான மனிதர். ஒரு வருடத் தடை போட வேண்டுமானால் என்ன சொல்லப்பட்டது என்று அவருக்குத் தெரிய வேண்டும். இரு பக்கமும் கேட்பார். அவளைப் பார்த்து, அவர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

சயந்தினி டேனிஷில் பதில் சொன்னாள். "அவரிடமே கேளுங்கள். எனக்குத் தமிழ் சொல்லித் தந்தவர் அவர்தான். என்னைவிடச் சரியாக மொழிபெயர்ப்பார்."

மேசை முழுவதும் மாஸ்ரரைப் பார்த்தது. அவர் தமிழில், மிக மெல்ல, "பிள்ளை..." என்றார். அந்த மேசையில் அவர் வாயிலிருந்து வந்த, நான் அச்சிடக்கூடிய முதல் தமிழ்ச் சொல் அது. பிறகு பிரெபெனைப் பார்த்து டேனிஷில் சொன்னார்: "எல்லோருக்கும் நல்லதே நடக்கட்டும் என்று வாழ்த்தினேன். எங்கள் பண்பாடு."

இனி முடிவு. என்னிடம் இரண்டு இருந்தன.

முடிவு ஒன்று: அவள் அந்தச் சொல்லை டேனிஷில் சொல்கிறாள், அவர் பாலத்தைத் தாண்டித் திரும்பிப் போகிறார், நீதி வெல்கிறது. (என் வெளியீட்டுக்குத் தலைவர் இல்லாமல் போகிறார்.)

முடிவு இரண்டு: அவள் மன்னிக்கிறாள். (இதை அவளிடம் வாசித்துக் காட்டினேன். தொலைபேசி வைக்கப்பட்டது.)

இரண்டையும் கிழித்துவிட்டேன். ஏனென்றால் மேசையைச் சுற்றிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இல்லை. மூன்று பேர். அவர், அவள், நீங்கள்.

நான் அந்தச் சொல்லை எழுதவில்லை. ஓர் எழுத்தைக்கூடக் கோடி காட்டவில்லை. ஆனால் முதல் அடைப்புக்குறியைப் பார்த்ததுமே அதற்குள் ஒரு சொல் வந்து உட்கார்ந்துவிட்டது, இல்லையா? தேட வேண்டியிருந்ததா? யாருடைய குரலில் கேட்டது? நீங்கள் அதைக் கடைசியாக யாரிடம் சொன்னீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. என் வேலை சீட்டுப் போடுவது மட்டும்.

இதோ, எழுந்து நிற்கிறேன். கைகளை ஒருமுறை தட்டுகிறேன். முன்னும் பின்னும் விரித்துக் காட்டுகிறேன். என்னிடம் ஒன்றுமில்லை.

மாஸ்ரர் வாழ்த்தியதாகச் சொல்லியிருக்கிறார். சயந்தினி உங்களைப் பார்க்கிறாள். பிரெபென் நல்ல மனிதர், காத்திருப்பார், ஆனால் பதில் வேண்டும் அவருக்கு.

அவர் என்ன சொன்னார்?