ஐந்தாம் நம்பர் சுத்தமான கதை

மூடிப்போன ஒரு பெட்ரோல் பங்க்கின் தரைக்குள் ஏழு குழாய்கள் இறங்கியிருந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், பன்னிரண்டு மீட்டர் ஆழம். பழைய தொட்டிகள் ஓட்டையாகி மண்ணுக்குள் கசிந்த எண்ணெய், நிலத்தடி நீரில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதற்கு அவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் அவற்றிலிருந்து தண்ணீர் எடுத்து வருவது சின்னவளின் வேலை. ஒன்பது வருடமாகச் சுத்தம் செய்கிறார்கள். அவள் சேர்ந்து நாலு வருடம். ஆறு குழாய்கள் மெல்லத் தேறிவந்தன. ஐந்தாம் நம்பர் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை.

ஐந்தாம் நம்பர் சுவரோரம் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய அக்கா வீடு. இதை அவள் அலுவலகத்தில் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அக்கா வீட்டுக் கிணற்றுக்கும் சிமென்ட் மூடி போட்டு, குடிக்கக்கூடாது என்று பலகை மாட்டியிருந்தார்கள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த அத்தான், தினமும் காலையில் அந்த மூடியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வருவார், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் பங்காளியைப் பார்க்கப் போவதுபோல. வேலை முடிந்து சின்னவள் சாப்பிட வரும் நாட்களில் மட்டும் அவருக்கு ஒரு கேள்வி இருக்கும்.

"எப்படி இருக்காம் நம்ம ஆளு?"

"நான் சொல்லக்கூடாது அத்தான்."

"சொல்ல வேணாம். சும்மா தலையை ஆட்டு."

அவள் ஆட்ட மாட்டாள்.

"அப்போ மோசம்தான்," என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

அந்த மழைக்காலத்தில் எடுத்த தண்ணீரில் ஐந்தாம் நம்பர் பூஜ்யம் காட்டியது. மேலாளர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதுவரை அந்த அறையில் அவள் நின்றுதான் பேசியிருக்கிறாள்.

"என் உயிரை வாங்கின குழாய்ம்மா அது. இன்னும் ஒரு தடவை இப்படியே வந்துட்டா, வேலை முடிஞ்சதுன்னு எழுதிக் கொடுத்துடலாம்."

அடுத்த முறை போனபோது மழை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஐந்தாம் நம்பரின் மூடியைத் திறந்து அளவு நாடாவை இறக்கினாள். தண்ணீரைத் தொட்டால் கூவும் நாடா, வழக்கத்தைவிட ஒரு மீட்டர் மேலேயே கூவிவிட்டது. பக்கத்துக் குழாய்களில் நீர் இறங்கியிருக்க, இது மட்டும் ஏறியிருந்தது. கரைந்த உப்பைக் காட்டும் மீட்டரை வைத்தாள். மற்றவற்றில் காட்டியதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. முகர்ந்து பார்த்தாள். பெட்ரோல் வாடை இல்லை. தெருக்குழாயில் வரும் மருந்து வாடை அடித்தது.

தலையைத் தூக்கினாள். சுவர்மேல் ஒரு பச்சை ஹோஸ் கிடந்தது. அதன் நுனியிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

காற்றுக்குமிழ் இல்லாமல் பாட்டில்களை நிரப்பி, நம்பர் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனாள். தட்டு போட்டார்கள். பாதிச் சாப்பாட்டில் கேட்டாள்.

"அத்தான், அஞ்சாம் நம்பர்ல தண்ணி ஊத்துனீங்களா?"

அத்தான் தட்டைப் பார்த்தார். "கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"தினமும் காலையில, நான் குளிச்சு முடிக்கிற வரைக்கும்."

"ஒரு மணி நேரம் குளிக்கிறார்," என்றாள் அக்கா. "ஆறு மாசமா எதுக்கு இவ்வளவு சுத்தம்னு எனக்கும் புரியல."

"மூடி போல்ட் போட்டு இறுக்கியிருக்குமே?"

"அஞ்சு முனை போல்ட். அந்த ஸ்பானர் டிப்போல இருக்கு." அத்தானின் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "எண்ணெய்ப் பாத்திரத்தைத் தண்ணி விட்டுத்தானே அலசுறோம்?"

"இது பாத்திரம் இல்ல அத்தான். எண்ணெய் எங்கேயும் போகல. நீங்க ஊத்தின தண்ணியைத்தான் நான் பாட்டில்ல பிடிச்சுக்கிட்டுப் போயிருக்கேன்."

அக்கா சாதக் கரண்டியோடு நின்றாள். "எழுதாதேடி. நீ பேசாம இருந்தா எங்க கிணறு திறந்துடும்."

"திறந்து, பிள்ளைங்களுக்கு அதுல சமைச்சுப் போடுவியா?"

"உனக்குச் சோறு போட்ட வீடு இது."

"சோறு நல்லாத்தான் இருக்கு. அதுக்காகப் பூஜ்யம்னு எழுத முடியாது."

அக்கா கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டுவிட்டு உள்ளே போனாள். சின்னவள் மீதிச் சோற்றை எப்படியோ விழுங்கினாள். மீதி வைத்துவிட்டுப் போயிருந்தால் அது ஒரு தனிச் சண்டையாகியிருக்கும்.

வெளியிலிருந்து நீர் சேர்க்கப்பட்டிருக்கிறது, கடைசி இரண்டு முடிவுகளும் செல்லாது என்று அறிக்கை எழுதினாள். மேலாளர் அதை இரண்டு முறை படித்தார்.

"யாரோ வெளியாள்னு போட்டுடலாமா?"

"வெளியாள் இல்ல சார். எங்க அத்தான்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எவ்வளவு நாளா?"

"எங்க அக்கா கல்யாணத்துல இருந்து சார்."

அன்றைக்கே அவளை அந்த இடத்திலிருந்து மாற்றினார்கள். விசாரணைக்கு மேலாளரே நேரில் போனார். அத்தான் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, மெக்கானிக் புத்தியோடு ஒன்று விடாமல் சொன்னார். எத்தனை மணிக்கு ஆரம்பிப்பார், ஹோஸ் எத்தனை அங்குலம், எவ்வளவு வேகம்.

"ஒரு மாசம் ஊத்தினதும் அந்தப் பக்கம் தண்ணி வந்துச்சு சார்."

"எந்தப் பக்கம்?"

அத்தான் எழுந்து போய்க் காட்டினார். முன்பு டயருக்குக் காற்றடித்த இடம், குழாயிலிருந்து இருபது அடி. தரையில் ஒரு வெடிப்பு.

"இதுல கொப்புளிச்சு வந்துச்சு. மேல கலர் கலரா மினுங்குச்சு."

"இதை ஏன்யா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா ஊத்தினது தெரிஞ்சுடுமே சார்."

அங்கே தோண்டினார்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு பழைய தொட்டி இருந்தது. அதிலிருந்து ஒரு துருப்பிடித்த குழாய் ஐந்தாம் நம்பர் பக்கச் சுவரை நோக்கி ஓடியது. தொட்டியில் பாதிக்கு டீசல். ஒன்பது வருடமாக அதைச் சுற்றியே சுத்தம் செய்திருக்கிறார்கள்.

அத்தானுக்கு ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று எச்சரிக்கை, இன்னொன்று நன்றி. இரண்டிலும் ஒரே கையெழுத்து. நன்றிக் கடிதத்தை மட்டும் டிப்போவுக்கு எடுத்துப் போனார்.

இரண்டு மாதம் தங்கையிடம் பேசாமலிருந்த அக்கா, தொட்டியைத் தூக்கும் நாளில் போன் செய்தாள். "கிரேன் வந்திருக்கு. வர்றியா?"

இருவரும் மொட்டைமாடியில் நின்று பார்த்தார்கள். கருப்பாக, ஒழுகிக்கொண்டே தொட்டி மேலே வந்தது. நாற்றம் மாடி வரை ஏறி வந்தது. கீழே அத்தான், யாரும் கேட்காமலேயே கிரேன்காரருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் பக்கத்துலயா இத்தனை வருஷம் படுத்துத் தூங்கினோம்?" அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மற்றக் கையால் தங்கையின் முழங்கையைப் பிடித்திருந்தாள். பிடித்திருப்பது அவளுக்கே தெரியவில்லை என்றுதான் தோன்றியது.

அதன்பிறகு ஐந்தாம் நம்பரில் எண்ணெய் அளவு இறங்கத் தொடங்கியது. ஒரு வருடத்தில் பாதியானது. கிணறு திறக்க இன்னும் மூன்று வருடமாவது ஆகும் என்கிறார்கள். இப்போது அங்கே தண்ணீர் எடுப்பவர் வேறொருவர். அவருக்கு அந்தத் தெருவில் சொந்தக்காரர்கள் யாருமில்லை என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள்.